கட்டிலுக்கு அடியில் ஒரு பை

உங்கள் வீட்டில் யாராவது பேறுகாலத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்களா? மகளோ, மருமகளோ, அடுத்த வீட்டுப் பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. அப்படியானால் அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைத்துவிட்டு இந்தச் சமாசாரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். "ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையில் என்ன எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதற்கு வட்டியும் முதலுமாக அனுபவித்தும் விட்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு. மழை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். ஊரைச் சுற்றி உப்பளம். உப்பளத்துக்காரர்கள் மழை வேண்டாம் என்றே வேண்டிக்கொள்வார்கள். வானமும் பெரும்பாலும் அவர்கள் பேச்சைத்தான் கேட்கும். அதனால் வெள்ளம் என்பதை நாங்கள் மற்ற ஊர்களுக்கு வரும் சங்கதி என்றே நினைத்திருந்தோம்.

2023-ஆம் வருஷம் ஐப்பசியில் என் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம்; தாய் வீட்டில்தானே? மாப்பிள்ளை சென்னையில் வேலையாக இருக்க, மகள் எங்களோடு வந்து தங்கினாள். ஜனவரி 8 என்று டாக்டரம்மாள் நாள் குறித்திருந்தார். டிசம்பர் முதல் வாரமே இவள் ஒரு நீல நிறப் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு காகிதம். அதில் வரிசையாக எண் போட்டு ஒரு ஜாபிதா.

"ஏளா, இன்னும் ஒரு மாசம் கிடக்கு. இப்பவே மூட்டை கட்டுதியே, ஊருக்கா போறே?" என்றேன்.

"வலி வந்த பொறவு தேட முடியுமாம்மா? டாக்டரம்மாதான் சொன்னாங்க, எட்டு மாசம் முடியவும் பை கதவோரத்துல இருக்கணும்னு."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவள் ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தபோது என் நெஞ்சு பகீரென்றது. "பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுத்து வைக்கக் கூடாதுட்டி!" என்று அதட்டிவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

* * *

நான் பிறந்தது 1961. எங்கள் கடற்கரையில் அந்த வருஷம்தான் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது. 1955-லிருந்து வருஷா வருஷம் நடந்துவந்த முத்துக்குளிப்பு அந்த வருஷத்தோடு நின்றது. அதன் பிறகு சிப்பி சரியாக விளையவே இல்லை. என் தகப்பனார் அந்தச் சலாபத்தில் மூழ்கியவர். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு வலைப்பையோடு கீழே போவார். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் தாய்மாமன். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தன் கூடப்பிறந்தவள் தாலிக்கு அவனைவிட அக்கறை வேறு யாருக்கு?

தகப்பனார் கடலுக்குள் இருந்த ஒரு நாளில்தான் அம்மாவுக்கு என்னைக் கொண்டு வலி கண்டது. ஆஸ்பத்திரி எல்லாம் கிடையாது. மருத்துவச்சி வந்தாள். அம்மா ஒரு ஓலைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் காலத்துப் பேறுகாலப் பை அதுதான். அதில் துவைத்துக் கிழித்த பழைய வேட்டி, சுக்கு, கருப்பட்டி, விளக்கெண்ணெய், கொஞ்சம் நூல், பிரிக்காத புது பிளேடு ஒன்று.

பிளேடு மட்டும் ஏன் புதிது என்கிறீர்களா? அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1959-ல், எனக்கு ஓர் அண்ணன் பிறந்தான். அம்மா ஆசை ஆசையாக அவனுக்கு முன்கூட்டியே வெள்ளை மல் துணியில் ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள். பதினாறு நாள் கழித்துத்தான் தைத்த சட்டை போட வேண்டும். அதுவரை பழந்துணிதான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் வரவில்லை. ஏழாம் நாள் பிள்ளைக்கு வாயைத் திறந்து பால் குடிக்க முடியவில்லை. உடம்பு வில் மாதிரி விறைத்தது. மறுநாள் போய்விட்டான்.

ஊர் சொன்னது: "பிறக்கு முந்தியே சட்டை தைச்சா, கண்ணு பட்டுட்டு." அம்மா அதை நம்பினாள். பின்னால் ஒரு மிஷன் நர்ஸ் வந்து, "தொப்புள்கொடி அறுத்த கத்தியில் இருந்த கிருமி, தாயே! சட்டையில் ஒன்றும் இல்லை" என்று எடுத்துச் சொன்னாளாம். அம்மா இரண்டையும் நம்பினாள். அதனால்தான் எனக்குப் புது பிளேடு. சட்டை மட்டும் கிடையாது.

அந்த நோய்க்குப் பெயர் டெட்டனஸ், அதாவது ரண ஜன்னி. கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும், சுத்தமான கையும், சுத்தமான பிளேடும், சுத்தமான நூலும் இருந்தால் அது பிள்ளையை அண்டாது. இவ்வளவு சின்ன விஷயத்துக்காக எத்தனை வீட்டில் எத்தனை தொட்டில் காலியாயிற்றோ! பச்சைக் குழந்தைகளைக் கொல்லும் அந்த ஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று 2015-ல்தான் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று, காலமாகிவிட்ட என் அம்மாவை நினைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தெரிகிறதா, மஞ்சள் சட்டையைப் பார்த்து எனக்கு ஏன் பகீரென்றது என்று? படித்தவள்தான் நான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் புத்திக்குத் தெரிந்தது எல்லாம் நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறதா, சொல்லுங்கள்?

* * *

டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. உறவுக்காரி ஒருத்தி வந்தாள். வந்தவள் கதவோரம் இருந்த நீலப் பையைப் பார்த்து, "அதுக்குள்ள மூட்டை கட்டியாச்சா? நல்லாத்தான் இருக்கு!" என்று மூக்கில் விரலை வைத்தாள். அவ்வளவுதான். அவள் படி இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டுபோய் என் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கண்ணில் படாதபடி ஒரு பாயையும் சாத்தி வைத்தேன். தள்ளுவதற்கு முன்னால் மகளுக்குத் தெரியாமல் ஒரு காரியமும் செய்தேன். சின்னப் போத்தல் ஒன்றில் கருப்பட்டித் தண்ணீர் காய்ச்சி ஊற்றி, இறுக மூடி, துணிகளுக்கு நடுவே செருகினேன். எதற்கு என்று எங்கள் பக்கத்து வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேனை தொட்டு வைக்கத்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் இனிப்பைத் தொட்டு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நல்ல குணமுள்ளவர் யார் என்று நான் மனத்துக்குள் தீர்மானமும் பண்ணியாகிவிட்டது. வேறு யார்? நான்தான்!

ஞாயிற்றுக்கிழமை, 17-ஆம் தேதி, மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. எங்களுக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். எங்கள் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரையை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்று, ஏறக்குறைய 800 பிரயாணிகள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கிச் சென்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. மின்சாரம் போய்விட்டது, செல்போனும் செத்துவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். "தொபுக்" என்று சத்தம். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அவர் டெலிவிஷனைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். நான் அரிசி டிரம்மைத் தூக்கினேன். அவர் தம் இருசக்கர வண்டியின் சாவியைத் தேடினார். நான் கண்ணாடிப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றினேன். இத்தனையையும் காப்பாற்றிய புத்திசாலிகள் இருவருக்கும் ஒன்று மட்டும் ஞாபகம் வரவில்லை. அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

நான்கு மணிக்கு மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா, இடுப்பு வலிக்குது. விட்டு விட்டு வருது" என்றாள். மூன்று வாரம் முந்திக்கொண்டது! "பையை எடும்மா. கதவோரம் காணோமே?"

நான் பதில் சொல்லவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிப் பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். என்ன கனம் என்கிறீர்கள்! நாலு துணி வைத்த பை, நாலு படி உப்பு மூட்டை மாதிரி வந்தது. அதன் மூலைகளிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகியது. மஞ்சள் சட்டை மண் நிறமாகிவிட்டது.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரிம்மா, அழாதீங்க. காகிதம் மட்டும் நனைஞ்சிருக்காது" என்றாள். பார்த்தால் அப்படியே இருந்தது! ஆஸ்பத்திரிப் புத்தகம், ஸ்கேன் முடிவுகள், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கி வைத்திருந்தாள். கடலுக்குப் போகிறவர்கள் தீப்பெட்டியை இப்படித்தான் கட்டி எடுத்துப் போவார்கள். அவள் தாத்தா சொல்லிக் கொடுத்த வித்தை. நனையாதது இன்னும் ஒன்றும் இருந்தது. என் கருப்பட்டித் தண்ணீர்ப் போத்தல்! அதைச் சத்தம் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

* * *

பொழுது விடிந்ததும் எதிர்வீட்டுத் தம்பி தன் வள்ளத்தை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். கடலில் ஓட வேண்டிய வள்ளம், எங்கள் சந்தில் ஓடியது. "மதினி, பயப்படாதீங்க. கடலைவிட இது சின்னதுதான்" என்றார். அவரும் இரண்டு பையன்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ள, மகளை நடுவில் உட்கார வைத்து, எங்கள் வீட்டுக்காரர் குடையைப் பிடிக்க, நான் அவளைப் பிடிக்க, பெரிய ரஸ்தாவுக்கு வந்தோம். அங்கே ஒரு தண்ணீர் லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். யார் பெற்ற பிள்ளையோ, கூலி என்று ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டியதும் நர்ஸம்மாவின் முகம் தெளிந்தது. ரத்த வகை, ரத்தத்தின் அளவு, சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. "அவசரத்துல வர்றவங்க பாதிப் பேர் இதைத்தான் மறந்துட்டு வருவாங்க. துணியை நாங்க எப்படியும் தேடிருவோம், இதைத் தேட முடியாது" என்றார்.

பிரசவ அறைக்குத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்றார்கள். நம் ராஜ்யத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த வழக்கம் உண்டு. நான் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் ஒரு இறுக்கு. வலி போனதும் தளர்ச்சி. எனக்கு என் தாய்மாமன் ஞாபகம் வந்தது. "கயிறு பிடிக்கிறவன் பேசக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூடாது. கீழே இருக்கிறவன் இழுத்தால் உடனே தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை" என்பார். அன்று பகல் முழுவதும் எனக்கும் அதுதான் வேலை. வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை இரவு 9 மணிக்குப் பேத்தி பிறந்தாள். அழுகைச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண்ணைக் கட்டியது. நர்ஸம்மா ஆஸ்பத்திரித் துணியால் குழந்தையை ஒற்றித் துடைத்துவிட்டு, "சுத்த, காய்ந்த துணி கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, அதைவிட நல்ல துணி இருக்கு" என்று சொல்லி, குழந்தையை வெறும் உடம்பாகத் தாயின் மார்பில் கவிழ்த்துப் படுக்கவைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார். தாயின் உடம்புச் சூடே பிள்ளைக்கு அடுப்பாம். இது ஏழைச் சமாளிப்பு அல்ல, நேயர்களே! 1978-ல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில், எட்கர் ரே என்ற டாக்டர், குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வெப்பப் பெட்டிகள் இல்லாமல் போனபோது இந்த முறையைக் கையாண்டார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்வது போல என்பதால் அதற்குக் கங்காரு முறை என்றே பெயர். இன்று உலகம் முழுவதும் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட இதைச் செய்கிறார்கள். ஆக, எந்த வெள்ளத்திலும் நனையாத பை ஒன்று ஒவ்வொரு தாயிடமும் இருக்கத்தான் இருக்கிறது!

குழந்தை தானாகவே தலையை ஆட்டி ஆட்டி மார்பைத் தேடியது. இதுதான் சமயம் என்று நான் இடுப்பிலிருந்து போத்தலை எடுத்தேன். நர்ஸம்மாவுக்கு முதுகிலும் கண் இருந்திருக்கிறது.

"என்னது அது?"

"ஒண்ணுமில்ல... சும்மா நாக்குல ஒரு தொடு..."

போத்தலை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "கருப்பட்டி நல்ல கருப்பட்டிதான். உங்களுக்குக் காப்பி போட்டுத் தாரேன். பிள்ளைக்கு வேண்டாம்" என்றார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாக இருக்கிறதே என்று அதைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. அதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. தேன் தொட்டு வைப்பது இன்னும் மோசம். ஒரு வயதுக்கு முன்னால் தேனால் பொல்லாத விஷக் காய்ச்சலைவிடக் கொடிய நோய் வரக்கூடும். இவ்வளவையும் அவர் கோபிக்காமல் சொன்னார். கடைசியில், "குணம் நாக்குல தொட்டு வராதும்மா. கூட இருந்து வளர்த்தா வரும்" என்றார். நல்ல குணமுள்ள பாட்டி வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் ஆச்சி உப்பளத்தில் வேலை செய்கிறவர். எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தம் பையிலிருந்து பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துப் பாதியாகக் கிழித்தார். "பாதி உம் பேத்திக்கு, பாதி எம் பேரனுக்கு" என்றார். வெயிலில் பல தடவை காய்ந்து பூப்போல ஆகிவிட்ட துணி. என் பேத்தியின் முதல் ஆடை அதுதான்.

* * *

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு எட்டாம் மாதம் பிறந்தாலும் நான் அழைக்காமலே போய் நிற்கிறேன். போய்ச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பை ஒன்றுதான், உள்ளே 3 கட்டு. முதல் கட்டு காகிதம். ஆஸ்பத்திரியில் தந்த தாய்சேய்ப் பதிவுப் புத்தகம், பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகத்தின் நகல். நர்ஸம்மா கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த 12 இலக்க எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணமும் இல்லை. கணவர், டாக்டர், அக்கம்பக்கத்தார் டெலிபோன் எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். செல்போன் செத்துவிட்டால் மாப்பிள்ளையின் எண்கூட ஞாபகம் வராது, எனக்கு வரவில்லை! இத்துடன் ரத்தம் கொடுக்கக்கூடிய இருவர் பெயரும், கொஞ்சம் சில்லறை நோட்டுகளும். மின்சாரம் இல்லாத நாளில் பணம் எடுக்கும் இயந்திரமும் தூங்கிவிடும்.

இரண்டாவது கட்டு தாய்க்கு. முன்பக்கம் திறக்கும் தளர்ந்த உடை 3, உள்ளாடைகள், பெரிய அணையாடைகள், துண்டு, போர்வை, வழுக்காத ரப்பர்ச் செருப்பு, சீப்பு, பல்துலக்கி, தம்ளர், பிளாஸ்க். நகை வேண்டாம், கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது கட்டு பிள்ளைக்கு. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய பருத்தித் துணிகள் ஒரு டஜன், தலைக்கு ஒரு குல்லா, காலுறை. கடையிலிருந்து வந்த புதுச் சட்டையானால் துவைக்காமல் போடாதீர்கள். பால்புட்டி, சர்க்கரைத் தண்ணீர், பவுடர், கண் மை எதுவும் வேண்டாம். பிறந்தவுடன் குளிப்பாட்டவும் அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் போகட்டும். தொப்புளில் எதையும் வைக்க வேண்டாம். அது காய்ந்து தானே விழும்.

உடன் போகிறவளுக்கு ஒரு சால்வை, கொஞ்சம் தின்பண்டம், டார்ச் விளக்கு. 3 கட்டுகளையும் தனித்தனியே பிளாஸ்டிக் உறையில் கட்டிவிடுங்கள். 108 ஆம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். ஆனால் அது வர முடியாத நாளில் யாருடைய வண்டி, யாருடைய வள்ளம் என்பதையும் முன்பே பேசிவையுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால், மாதம் நிறைந்த பெண்ணை முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவது எல்லாவற்றையும்விடப் புத்திசாலித்தனம்.

முன்கூட்டியே எடுத்து வைப்பது அபசகுனம் என்று யாராவது சொன்னால் பின்லாந்து தேசத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே 1938-லிருந்து, ஏழைத் தாய்மாருக்குப் பிள்ளைத் துணி நிறைந்த பெட்டி ஒன்றை அரசாங்கமே கொடுத்துவந்தது. 1949-லிருந்து எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. ஒரு நிபந்தனை: நான்கு மாதம் முடிவதற்குள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கையாகவும் ஆகிவிடும். பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்த்து அந்தத் தேசம் கெட்டுப்போகவில்லை. குழந்தைகள் நன்றாகப் பிழைத்தார்கள். நம் ராஜ்யத்திலும் 2015-ல் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் தரத் தொடங்கினார்கள். துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை இவற்றோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தது. நம் பாட்டிமாரின் சுக்கு அரசாங்கத்துப் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிட்டது, பாருங்கள்!

* * *

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் வடிந்திருந்தது, சேறு வடியவில்லை. பீரோவின் கீழ்த்தட்டுகள் ஊறிப்போயிருந்தன. சென்னையிலிருந்து எப்படி எப்படியோ வந்து சேர்ந்த மாப்பிள்ளை, மகளையும் குழந்தையையும் ஏணியேற்றி மச்சில் விட்டார். "காய்ஞ்ச துணி ஏதாவது இருக்காம்மா?" என்று மகள் கேட்டாள்.

பரணில் கண்ணாடிப் பாத்திரங்களுக்குப் பின்னால் அம்மாவின் ஓலைப்பெட்டி இருந்தது. இறக்கினேன். பழைய வேட்டித் துண்டுகளுக்கு அடியில், மடித்தபடியே, அந்த மல் சட்டை. 1959-ல் தைத்தது; பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்திருந்தது. பட்டென்று மூடப் போனேன். மகள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கதை அவளுக்கும் தெரியும்.

"வேண்டாம் மக்கா. அது..." என்றேன்.

அவள் சட்டையை விரித்து, ஆச்சி போட்ட சின்னச் சின்னத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "இதை யாருமே போடலையேம்மா. புதுச் சட்டைதானே?" என்றாள்.

வெயில் வந்த முதல் நாள், வெந்நீரில் அலசி, கொடியில் காயப்போட்டேன். தையல் ஒன்றுகூட விடவில்லை. பதினாறாம் நாள் பேத்திக்குப் போட்டோம். கை கொஞ்சம் நீளம். மற்றபடி அளவெடுத்தது போல இருந்தது. அறுபத்து நான்கு வருஷமாக ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்த சட்டை அல்லவா?

பேத்தி இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். நீலப் பையைத் துவைத்துக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவரை எங்கள் தெருவில் 3 பெண்கள் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். ராசியான பை என்று பெயர் வாங்கிவிட்டது. ராசி பையில் இல்லை, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்க்கிறேன்; யார் கேட்கிறார்கள்?

நீங்களாவது கேளுங்கள். பையை இன்றைக்கே கட்டுங்கள். கதவோரம், ஆணியில், உயரமாக மாட்டுங்கள். யார் கண் வேண்டுமானாலும் படட்டும். கட்டிலுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்!